குறைவாகப் பயன்படும் நூல்களை எங்கே வைப்பது: வளாகத்திலா, தனிக் கிடங்கிலா, கூட்டுக் கிடங்கிலா?

அலமாரிகள் ஏறத்தாழ 85 விழுக்காடு நிறைந்ததுமே அந்த நூலகம் நிரம்பிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு புதிய நூலை அதன் வகைப்பாட்டு எண்ணுக்குரிய இடத்தில் செருக, வரிசை முழுவதையும் தள்ளி அடுக்க வேண்டியிருக்கும். நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கப்படும், தரையில் குவியும், இறுக்கத்தில் இழுத்து இழுத்து முதுகு பிய்யும். இந்த நிலையை எட்டிய பல்கலைக்கழக நூலகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "மற்ற பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வெளியே ஒரு கிடங்கு அமைக்கலாம் என்கிறார்கள். சேரலாமா, நாமே வேறு வழி பார்த்துக்கொள்ளலாமா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூரையைப் பகிர்ந்துகொள்வது வேறு. நூல்களையே பகிர்ந்துகொள்வது வேறு. முதலாவதில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். இரண்டாவதில்தான் பெரிய லாபமும் பெரிய பொறுப்பும் இருக்கின்றன. எந்தப் பேச்சுவார்த்தையிலும் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நேரம். வாசகர் கேட்ட நூல் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வருகிறது? நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக 'வாசகரின் நேரத்தைக் காத்திடு' என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் வைத்தார். 'நூலகம் வளரும் உயிரி' என்பது ஐந்தாவது. கிடங்கு பற்றிய வாதம் முழுவதும் இந்த இரண்டு விதிகளுக்கும் இடையிலான இழுபறிதான்.

முப்பதாண்டுச் செலவு. கட்டடச் செலவை மட்டும் பார்க்கக் கூடாது. மின்சாரம், ஆள், வண்டி, பட்டியல் திருத்தம் ஆகிய அனைத்தும் சேர வேண்டும்.

தாளின் ஆயுள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அச்சான நூல்களில் பெரும்பாலானவை அமிலத் தாளில் அச்சானவை. அறை வெப்பத்தில் அவை மெல்ல மெல்ல நொறுங்கிக்கொண்டே இருக்கின்றன. குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் அந்தச் சிதைவு பல மடங்கு மெதுவாகும்.

கடைசிப் படி. நாம் ஒரு நூலின் படியைக் கழித்தால், அதாவது சேகரிப்பிலிருந்தே நீக்கினால், வேறு ஒருவர் அதைக் காப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா?

திரும்பும் வழி. பத்து ஆண்டுகள் கழித்து முடிவு தவறு என்று தெரிந்தால் வெளியே வர முடியுமா, எவ்வளவு செலவில்?

ஆசிரியர்கள் முதலில் எழுப்பும் கேள்வி இவற்றில் இல்லை. அலமாரிகளுக்கு நடுவே உலாவி, தேடாத நூலைக் கண்டடைவது பற்றிய கேள்வி அது. அது உண்மையான இழப்புதான். அதைச் சிறிதாக்கிப் பேசும் நூலகர் ஆசிரியர்களின் நம்பிக்கையை இழப்பார். வரலாறு, இலக்கியம், மொழியியல் போன்ற துறைகளில் உலாவல் ஒரு வேலைமுறை. ஆகவே எந்தத் துறையின் நூல்களை வெளியே அனுப்புகிறோம் என்பதும் அளவுகோல்தான்.

## குறைவாகப் பயன்படுபவை என்று எப்படித் தெரியும்?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1970களில் நடந்து 1979இல் வெளியான ஆய்வு ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கே 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட இரவல் போகவில்லை. அதற்கு முன்பே, சிகாகோவில் ஃபஸ்லரும் சைமனும் செய்த ஆய்வு, ஒரு நூல் வருங்காலத்தில் எடுக்கப்படுமா என்பதற்கு அது இதுவரை எடுக்கப்பட்டதே நல்ல அடையாளம் என்று காட்டியது.

ஆனால் இரவல் பதிவு எல்லாவற்றையும் சொல்லாது. இரவல் தரப்படாத இதழ்த் தொகுதிகளையும் நோக்கு நூல்களையும் வாசகர்கள் மேசையிலேயே படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மேசையில் கிடப்பவற்றைத் திரும்ப அடுக்கும் முன் ஒரு முறை பார்கோடு ஸ்கேன் செய்யும் வழக்கத்தை ஓராண்டாவது நடைமுறைப்படுத்திவிட்டு, பிறகு பட்டியல் எடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நூல்களை வெளியே அனுப்பினால், முதல் பருவத்திலேயே வண்டி நிறையத் திரும்பி வரும்.

தேர்வை விதிகளால் செய்வது மலிவு. ஒவ்வொரு நூலாகப் பார்த்து முடிவெடுப்பது மிகவும் விலை கூடியது. 'பத்து ஆண்டுகளாக எடுக்கப்படாதவை', 'நம்பகமான மின் காப்பகத்தில் முழுமையாக உள்ள பழைய இதழ்கள்' போன்ற விதிகளை வகுத்து, விலக்கு கேட்கும் உரிமையைத் துறைகளுக்குக் கொடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

## வழி ஒன்று: வளாகத்துக்குள் நகரும் அலமாரி

தண்டவாளத்தில் நகரும் நெருக்க அலமாரிகள், அதே தரைப்பரப்பில் ஏறத்தாழ இரு மடங்கு நூல்களைக் கொள்ளும். நூல் வளாகத்திலேயே இருக்கும்; வாசகர் தானே போய் எடுக்கலாம்; வகைப்பாட்டு வரிசை கலையாது. சிறிய நூலகத்துக்கு இது அரசியல் சிக்கல் இல்லாத தீர்வு.

இதன் மறைமுகச் செலவு தரையில் இருக்கிறது. சாதாரண நூல் அடுக்குத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 730 கிலோ சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. நகரும் அலமாரிக்கு அதைப் போல் இரு மடங்கு வேண்டும். பழைய கட்டடத்தின் மேல்மாடிகள் பெரும்பாலும் இதற்குத் தகுதி பெறாது. ஆகவே தரைத்தளமோ நிலவறையோதான் மிஞ்சும். நிலவறை என்றால் தண்ணீர். 1997 ஜூலையில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் தொகுதிகள் நனைந்தன. 2004 அக்டோபரில் ஹவாய் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் நிலப்படங்களும் அரசு ஆவணங்களும் சேற்றில் கிடந்தன. தாளின் ஆயுளுக்கும் இதில் கூடுதல் நன்மை இல்லை; வாசகர் நடமாடும் இடத்தைப் பத்து டிகிரிக்குக் குளிர்விக்க முடியாது.

பத்து, பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட இது போதும். அதற்கு மேல் வளரும் நூலகத்தில் இதே கேள்வி மறுபடி வரும்.

## வழி இரண்டு: வணிக ஆவணக் கிடங்கு

அவசரத்துக்கு, அதாவது கட்டடம் பழுதுபார்க்கும் ஓரிரு ஆண்டுகளுக்கு, இது சரி. நிரந்தரத் தீர்வாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களின் அலகு பெட்டி. நம் அலகு நூல். ஒரு நூல் வேண்டுமென்றால் பெட்டியே வரும், வாடகையும் கூடவே வரும். மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும். எடுப்புக் கட்டணமும், முற்றாக வெளியேற்றும்போது பெட்டிக்குப் பெட்டி விதிக்கும் கட்டணமும் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருக்கும். அலுவலகக் கோப்புகளும் பிற நிறுவனங்களின் பொருட்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் தீ அபாயத்தையும் நாம் தீர்மானிப்பதில்லை. 2006இல் லண்டனில் ஒரு பெரிய ஆவணக் கிடங்கு முழுமையாக எரிந்தது.

## வழி மூன்று: சொந்தத் தனிக் கிடங்கு

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை 1986இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மாசசூசெட்ஸின் சவுத்பரோவில் திறந்த கிடங்கிலிருந்து வந்தது. அங்கே நூல்கள் பொருள் வாரியாக அல்ல, அளவு வாரியாக அடுக்கப்படுகின்றன. வந்த நூலைத் தூசி உறிஞ்சியால் துடைத்து, அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்து, அதே உயரமுள்ள நூல்களோடு ஒரு அட்டைத் தட்டில் நிறுத்துகிறார்கள். நூலின் பார்கோடு தட்டின் பார்கோடோடும், தட்டின் பார்கோடு அலமாரியின் பார்கோடோடும் இணைக்கப்படுகிறது. அலமாரிகள் ஏறத்தாழ ஒன்பது, பத்து மீட்டர் உயரம்; எடுப்பவர் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு தூக்கு வண்டியில் மேலே போகிறார். பக்கத்திலுள்ள நூல் என்ன பொருளில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. வானியல் நூலும் சமையல் நூலும் தோளோடு தோள் நிற்கும். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்பது அங்கே வைத்த இலக்கு.

செலவில் இதன் பலன் பெரிது. பால் கூரன்டும் மத்தேயு நீல்சனும் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் ஒரு நூலைத் திறந்த அலமாரியில் வைத்திருக்க ஆண்டுக்கு 4.26 டாலர் ஆகிறது. இப்படி அளவு வாரியாக நெருக்கி அடுக்கும் கிடங்கில் 0.86 டாலர். ஒரு லட்சம் நூல்களுக்கு ஆண்டுக்கு 3,40,000 டாலர் வித்தியாசம். விலைவாசி இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் அப்படியே வைப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். திறந்த அலமாரியின் செலவில் பெரும் பங்கு கட்டடத்தின் மதிப்பு. காலியாகும் தளம் வாசிப்பறையாகவோ வகுப்பறையாகவோ மாறினால்தான் அந்த மிச்சம் உண்மையில் கிடைக்கும். தளம் காலியாகவே கிடந்தால், பழைய செலவும் இருக்கும், கிடங்கின் செலவும் சேரும்.

தனிக் கிடங்குக்கு இன்னொரு வரம்பு அளவு. குளிரூட்டல், தீயணைப்பு, தூக்கு வண்டி, பயிற்சி பெற்ற ஆள் ஆகியவை பத்து லட்சம் நூல்களுக்கும் வேண்டும், இரண்டு லட்சத்துக்கும் வேண்டும். சில லட்சங்களே உள்ள நூலகம் தனியாகக் கட்டினால் நூல் ஒன்றுக்கான செலவு எகிறிவிடும். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் 2010இல் ஸ்விண்டனில் திறந்த கிடங்குக்கு 2.6 கோடி பவுண்டு செலவிட்டது; அடுக்குகளின் நீளம் 153 மைல். அந்த அளவிலான சேகரிப்புக்குத்தான் அது பொருந்தும்.

## வழி நான்கு: கூட்டுக் கிடங்கு

இது புதிய எண்ணமில்லை. பாஸ்டன் பகுதி நூலகங்கள் சேர்ந்து 1942இலேயே ஒரு வைப்பு நூலகத்தைத் தொடங்கின. சிகாகோவில் 1949இல் உருவான கூட்டமைப்பு இன்று 'ஆய்வு நூலகங்களின் மையம்' என்ற பெயரில் இயங்குகிறது. மாசசூசெட்ஸில் ஐந்து கல்லூரிகள் பனிப்போர்க் காலப் பதுங்கு குழி ஒன்றையே கூட்டுக் கிடங்காக்கின.

### கூரையை மட்டும் பகிர்வது

ஒவ்வொரு நூலகமும் இடத்தை வாடகைக்கு எடுத்துத் தன் நூல்களைத் தானே வைத்துக்கொள்கிறது. கட்டட, ஆள் செலவு குறைகிறது, உரிமை கைவிட்டுப் போவதில்லை, விலகுவதும் எளிது. ஆனால் ஐந்து பல்கலைக்கழகங்கள் ஒரே இதழின் ஒரே ஆண்டுத் தொகுதியை ஐந்து தட்டுகளில் வைத்திருக்கும் நிலை இதில்தான் வருகிறது. கிடங்கு சீக்கிரம் நிரம்புகிறது. இரண்டாவது கட்டடத்துக்கு மறுபடி நிதி கேட்க வேண்டியிருக்கிறது.

### நூல்களையே பகிர்வது

இதில் ஒரு நூலின் ஒரு படி மட்டும் ஏற்கப்படுகிறது. அது எல்லோருடையதாகவும் கருதப்படுகிறது. மற்றவர்கள் தங்கள் மிகைப்படிகளைக் கழிக்கலாம். பின்லாந்தின் குவோபியோவில் 1989இல் தொடங்கிய தேசியச் சேமிப்பு நூலகம் இதன் தெளிவான வடிவம். நூலகங்கள் தங்கள் நூல்களை உரிமையையும் விட்டுக்கொடுத்து அங்கே ஒப்படைக்கின்றன, மிகைப்படிகள் கழிக்கப்படுகின்றன, வேண்டும்போது இரவல் கிடைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வட, தென் வட்டாரக் கிடங்குகள் 1980களில் திறக்கப்பட்டன. அங்கும் மிகைப்படி ஏற்பதில்லை என்பது விதி.

மெல்போர்னின் 'கேவல்' என்ற நூலகக் கூட்டமைப்பு இரண்டு வடிவங்களையும் நடத்தியிருக்கிறது. 1996இல் திறந்த முதல் கிடங்கில் உறுப்பினர்கள் உரிமையையே கூட்டமைப்பிடம் விட்டுக்கொடுத்தார்கள். 2010இல் திறந்த இரண்டாவதில் இடத்தை வாடகைக்கு எடுத்து உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. எல்லா நூல்களுக்கும் ஒரே ஏற்பாடு வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன், கொலம்பியா, நியூயார்க் பொது நூலகம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2002இல் திறந்த ரீகேப் கிடங்கு, கூரைப் பகிர்விலிருந்து நூல் பகிர்வுக்கு நடந்து வந்த கதை. முதலில் அவரவர் நூல் அவரவருக்கு. பின்னர் பெரும்பகுதி கூட்டுச் சேகரிப்பாக அறிவிக்கப்பட்டு, ஒருவரின் நூலை மற்றவரின் வாசகர் தம் நூலகப் பட்டியலிலிருந்தே கேட்க முடிகிற நிலை வந்தது. ஹார்வர்டு 2019இல் சேர்ந்தது. அறிவிப்பு எளிது, நான்கு நிறுவனங்களின் பட்டியல்களும் இரவல் விதிகளும் ஒன்றோடொன்று பேச வைத்ததுதான் பெரிய வேலை.

கட்டடமே இல்லாமலும் நூலைப் பகிரலாம். பிரிட்டனில் 2007இல் தொடங்கி 2019 வரை நடந்த 'ஆய்வு இருப்பு' என்ற திட்டத்தில், குறைவாகப் பயன்படும் இதழ் ஒவ்வொன்றுக்கும் ஒரு படியைப் பிரிட்டிஷ் நூலகமும், இரண்டு படிகளை உறுப்பு நூலகங்களும் காப்பதாக ஒப்புக்கொண்டன, மீதி கழிக்கப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அலமாரி விடுபட்டது. இதழ்களே பிரச்சினை என்றால், கிடங்கு கட்டும் முன் இப்படியொரு ஒப்பந்தத்தை முயல்வதுதான் அறிவுடைமை.

### இங்கே மறைந்திருக்கும் செலவுகள்

மிகப் பெரியது பட்டியல். அலமாரியில் இருக்கும்வரை பட்டியலின் குறையைக் கண்ணும் கையும் ஈடுசெய்யும். கிடங்குக்குப் போன பிறகு பட்டியல் ஒன்றே கதவு. ஒரே பைண்டிங்கில் மூன்று சிறுநூல்கள் கட்டப்பட்டு, முதல் நூலுக்கு மட்டும் பார்கோடு பதிந்திருந்தால், மற்ற இரண்டும் இருந்தும் இல்லாதவை. 'தொகுதி 1–40' என்று ஒற்றை வரியில் பதிந்த இதழில் 23ஆம் தொகுதியை யாரும் கேட்கவே முடியாது. இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த ஆகும் ஆள்நாட்கள் பல திட்ட மதிப்பீடுகளில் இடம்பெறுவதே இல்லை.

அடுத்தது ஒப்பிட்டுப் பார்த்தல். கூட்டுப் பட்டியலில் 'உள்ளது' என்றிருப்பதால் மட்டும் நம் படியைக் கழிக்க முடியாது. கிடங்கிலுள்ள படியில் பக்கங்கள் கிழிந்திருக்கலாம். மடித்த நிலப்படம் காணாமல் போயிருக்கலாம். வேறு பதிப்பாகவே இருக்கலாம். குறைந்தது மாதிரிக்குச் சிலவற்றையாவது பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கையெழுத்துக் குறிப்பு உள்ள படி மிகைப்படி ஆகாது.

தொலைவும் செலவுதான். 2009இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 250 மைல் தொலைவிலுள்ள கிடங்குக்கு நூல்களை அனுப்பத் திட்டமிட்டபோது ஆசிரியர்களும் மாணவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு வளாகத்துக்கு அருகிலேயே சொந்தக் கிடங்கு எழுந்தது. தினம் ஒரு நடை வண்டி போய்வரும் தொலைவில் கிடங்கு இருந்தால் அடுத்த வேலைநாளில் நூல் கைக்கு வரும். கட்டுரையோ அத்தியாயமோ போதுமென்றால் ஸ்கேன் செய்து அன்றே அனுப்பலாம். இந்த இரண்டையும் உறுதிசெய்தால் எதிர்ப்பு பாதி தணியும்.

## வழி ஐந்து: மின்வடிவத்தை நம்பிக் கழிப்பது

இடச் செலவு இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் சந்தாவாகப் பெறும் மின்னிதழ் நம்முடையதல்ல. சந்தா நின்றால் பழைய ஆண்டுகளும் கைவிட்டுப் போகலாம். ஸ்கேன் படிகளில் விளம்பரப் பக்கங்கள், அட்டைகள், மடிப்புப் படங்கள் விடுபடுவதுண்டு. 1995இல் தொடங்கிய ஜேஸ்டோர் மின் காப்பகமே தன் இதழ்களின் தாள் படிகளை ஹார்வர்டிலும் கலிபோர்னியாவிலும் காக்க ஏற்பாடு செய்தது. மின்வடிவத்தை நடத்துபவர்களே தாளைக் கைவிடவில்லை என்றால், எங்கும் தாள்படிக்கான உறுதி இல்லாமல் கழிக்கும் நூலகம் எதை நம்புகிறது? கூட்டு ஒப்பந்தத்தோடு சேர்ந்தால் மட்டுமே இந்த வழியை ஏற்பேன்.

## ஒரு பார்வையில்

| வழி | நூல் வரும் நேரம் | நீண்ட காலச் செலவு | தாளின் ஆயுள் | விலகும் வழி |
|---|---|---|---|---|
| நகரும் அலமாரி | உடனே | நடுத்தரம் | மாற்றமில்லை | எளிது |
| வணிகக் கிடங்கு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | முதலில் குறைவு, பின் ஏறும் | பெரும்பாலும் சுமார் | கட்டணம் உண்டு |
| தனிக் கிடங்கு | சில மணி முதல் ஒரு நாள் | பெரிய சேகரிப்புக்குக் குறைவு | மிக நன்று | தேவையில்லை |
| கூரைப் பகிர்வு | ஒரு நாள் | குறைவு, விரைவில் நிரம்பும் | மிக நன்று | எளிது |
| நூல் பகிர்வு | ஒரு நாள் | மிகக் குறைவு | மிக நன்று | கடினம் |
| மின்வடிவம் மட்டும் | உடனே | சந்தாவைப் பொறுத்தது | பொருந்தாது | கழித்த நூல் திரும்பாது |

## யாருக்கு எது?

ஐந்து லட்சத்துக்குக் குறைவான நூல்கள், தரைத்தளத்தில் உறுதியான தளம், வெள்ள அபாயமில்லாத இடம் என்றால் நகரும் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரும் சேகரிப்பும் நிதியும் உள்ள நூலகம் தனிக் கிடங்கு கட்டலாம். அப்போதும் மற்றவர்களுக்கு இடம் ஒதுக்கி, கூட்டுக்கு வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் மூன்று, நான்கு பல்கலைக்கழகங்கள், அவற்றின் சேகரிப்புகளில் பெரும்பகுதி ஒன்றுபோல, பட்டியல்கள் ஓரளவு ஒழுங்காக என்றால், கூட்டுக் கிடங்கில் தயங்காமல் சேரலாம். அதிலும் இதழ்த் தொகுதிகளுக்கு நூல் பகிர்வையும், தனிநூல்களுக்குக் குறைந்தது முதல் பத்தாண்டுகளுக்குக் கூரைப் பகிர்வையும் வைத்துத் தொடங்குவது நல்லது. இதழ்த் தொகுதிகளின் படிகள் ஒன்றுபோல இருக்கும், அதிக இடத்தையும் அடைக்கும், ஒப்பிடவும் எளிது. தனிநூல்களில் பதிப்பு வேறுபாடும் துறைகளின் பற்றும் அதிகம். கையெழுத்துப் படிகள், அரிய நூல்கள், உள்ளூர் வெளியீடுகள் கூட்டுச் சேகரிப்பில் சேரவே வேண்டாம். இடம் மட்டும் வாங்கி, உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் இன்னும் பாதி அட்டைகளில் இருக்கிறது என்றால் எந்தக் கிடங்கும் வேண்டாம். அந்த நிதியின் முதல் பகுதி பட்டியலுக்குப் போகட்டும்.

## கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

- காப்பதாக ஏற்ற படியை எத்தனை ஆண்டுகள் வரை கழிக்க மாட்டார்கள்? கழிப்பதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும்?
- கட்டணம் பிடித்துவைத்த இடத்துக்கா, நிரப்பிய இடத்துக்கா? ஆண்டுதோறும் எவ்வளவு ஏறலாம்?
- ஒரு உறுப்பினர் விலகினால், அவர் கொடுத்து மற்றவர்கள் நம்பித் தங்கள் படியைக் கழித்துவிட்ட நூல்கள் என்ன ஆகும்? அவற்றை எடுத்துச் செல்ல முடியாது என்று எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.
- தொலைந்த, சேதமான நூலுக்கு யார் பொறுப்பு? காப்பீடு யார் பெயரில்?
- கேட்ட நூல் சொன்ன நேரத்துக்குள் வந்த விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிடுவார்களா?
- மூன்று முறைக்கு மேல் கேட்கப்பட்ட நூல் வளாகத்துக்குத் திரும்ப வருமா, அதற்குக் கட்டணம் உண்டா?
- கிடங்கு நிரம்பியதும் அடுத்த பகுதியைக் கட்ட நிலம் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்கிறதா?